கணனி தொடங்க மறுக்கும்போது

இடம்பெயர்ந்தபோது எதையெல்லாம் இழந்தீர்கள் என்று எமது மக்களிடம் கேட்டால், வீடு, மாடு, நெல், தோணி, வலை என ஒரு நீண்ட பட்டியல் வரும். அப்பட்டியலின் இறுதியில் தயக்கத்தோடு சொல்லப்படும் இன்னொன்றும் உண்டு. அதுதான் கடதாசிகள். 1990ஆம் ஆண்டிலும், 2004 டிசெம்பர் 26 கடல்கோளின்போதும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையையும் படுவான்கரையையும் விட்டு மக்கள் வெளியேறியபோதும், காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், சங்கக் கணக்குப் புத்தகம் என்பன வீட்டோடு எரிந்தன, அல்லது தண்ணீரோடு போயின. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஓர் அனுமதிப்பத்திரத்தின் பிரதியை மீண்டும் பெறுவதற்காகக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திற்கும் நடந்த நடையை அவ்வளவு இலகுவில் மறந்துவிட முடியாது.

இன்று கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனை, கிரான் பகுதிகளில் இயங்கும் கமக்காரர் அமைப்புகள், மாதர் சங்கங்கள், மீனவர் சங்கங்கள் பலவற்றில் இத்தகைய விபரங்கள் கணனியில் வைக்கப்படுகின்றன. திரும்பி வந்த குடும்பங்களின் பட்டியல், சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருப்போரின் விண்ணப்பங்கள், பசளை மானியப் பதிவு, சுழற்சிக் கடன் கணக்கு என்பன எல்லாம் மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அப்பெட்டி பெரும்பாலும் யாரோ பாவித்துவிட்டு அன்பளிப்பாகத் தந்த பழைய கணனியாகவே இருக்கும். ஒருநாள் காலையில் அது தொடங்க மறுக்கும்போது செயலாளருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

முதலில் மனதிற் கொள்ள வேண்டியது இதுதான். கணனி தொடங்கவில்லை என்பதற்காக உள்ளே இருந்த பதிவுகள் அழிந்துவிட்டன என்று கொள்ளக்கூடாது. பதிவுகள் இருப்பது வன்தட்டில். கணனி தொடங்காமைக்குக் காரணமோ பெரும்பாலும் மின்சாரம், வயர், தூசி, கறள், சிறு பற்றறி போன்ற வேறெதுவோ தான். இவற்றைச் சங்கத்தவர் தாமாகவே பார்க்கலாம். எதைப் பார்ப்பது, எந்த ஒழுங்கில் பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பவற்றை இங்கு விளக்குகிறோம்.

கணனி எவ்வாறு தொடங்குகிறது?

மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பியைப் பாவித்த விவசாயிக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. அந்தப் பம்பியை நேரே மண்ணெண்ணெயில் தொடக்க முடியாது. சிறிதளவு பெற்றோலில் தொடக்கி, இயந்திரம் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கணனியிலும் விண்டோஸ் என்னும் பெரிய செயற்றிட்டம் தானாக எழும்புவதில்லை. பயோஸ் எனப்படும் சிறிய செயற்றிட்டம் ஒன்று முதலில் எழுந்து, பெரியதை எழுப்புகிறது.

வரிசை இதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் மின்சாரத்தை, கணனியின் பின்புறத்திலுள்ள மின்வழங்கிப் பெட்டி 12, 5, 3.3 வோல்ற் என்னும் சிறிய அளவுகளுக்கு மாற்றுகிறது. அம்மின்சாரம் தாய்ப்பலகைக்குச் சென்றதும் பயோஸ் விழித்துக்கொள்கிறது. அது றாம் எனப்படும் நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை சரியாக உள்ளனவா எனச் சோதிக்கிறது. பின்னர் வன்தட்டைத் தேடுகிறது. வன்தட்டிலிருந்து விண்டோஸ் நினைவகத்துக்கு வருகிறது. அதன் பின்னரே கடவுச்சொல் கேட்கும் திரையை நாம் காண்கிறோம்.

பம்பி தொடங்காவிட்டால் எவரும் உடனே இயந்திரத்தைக் கழற்றுவதில்லை. எண்ணெய் இருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, காற்று அடைத்துள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணனிக்கும் அதே முறைதான். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை

இது மின்சாரம் உள்ளே போகவில்லை என்பதன் அடையாளம்.

1. கணனி செருகியுள்ள அதே பிளக் பொயின்றில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் கணனியில் குற்றமில்லை.

2. எமது கட்டிடங்களில் வட்ட முள்ளும் சதுர முள்ளும் கலந்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்றாக அடாப்டர் மாட்டும் வழக்கம் உண்டு. அவை நாளடைவில் தளர்ந்து, உள்ளே கருகிப்போகும். அவற்றை நீக்கிவிட்டுச் சுவரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

3. மின்வயர் பெட்டியின் பின்புறத்தில் இறுக்கமாகச் செருகப்பட்டுள்ளதா, அங்குள்ள சிறு சுவிச் போடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கூட்டித் துடைக்கும்போது அது நிறுத்தப்பட்டிருக்கலாம்.

4. யூபிஎஸ் இருந்தால் அதை விலக்கிக் கணனியைச் சுவரில் நேரே செருகிப் பாருங்கள். அதனுள் இருக்கும் ஈயப் பற்றறி எமது வெப்பத்தில் சில ஆண்டுகளே தாங்கும். பற்றறி செத்த யூபிஎஸ், நல்ல கணனியையும் கெட்டதாகக் காட்டும்.

5. மின்வயரைக் கழற்றிவிட்டு, கணனியின் தொடக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் மீண்டும் வயரைச் செருகித் தொடக்கிப் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு அசையாமல் நிற்கும் கணனிகள் பல இவ்வாறு எழும்பிவிடும்.

பழைய மின்வழங்கிப் பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் 230, 115 என்று எழுதிய சிவப்பு நிறச் சிறு சுவிச் ஒன்று இருக்கும். எமது நாட்டில் அது எப்போதும் 230இல் இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டால், மின்சாரம் போட்ட அக்கணமே பெட்டி கருகிவிடும். அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுவது நல்லது.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கக்கூடாது. வயரைக் கழற்றிய பின்னரும் அதனுள் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அது ஆளைத் தூக்கி எறியக்கூடியது. பெட்டி பழுதானால் அதை முழுதாக மாற்றுவதே முறை.

இன்னொரு விடயம். கிராமத்து மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள கட்டிடங்களில் மாலை வேளையில் விளக்குகள் மங்குவதைக் காணலாம். அவ்வேளையில் கணனி தொடங்கித் தொடங்கி நின்றால், குறை கணனியினுடையதல்ல. விளக்குகள் வழமைக்குத் திரும்பும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருளாக உள்ளது

முதலில் திரையைப் பாருங்கள். திரைக்குத் தனியாக மின்வயர் உண்டு. அதன் சிறு விளக்கு எரிகிறதா? திரையிலிருந்து கணனிக்குச் செல்லும் வயரின் இரு முனைகளும் இறுக்கமாக உள்ளனவா? பெட்டியின் பின்புறத்தில் திரைக்கான துளைகள் இரண்டு இருந்தால், மற்றையதிலும் செருகிப் பாருங்கள்.

அடுத்து, விசைப்பலகையில் உள்ள 'கப்ஸ் லொக்' விசையை அழுத்துங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணனி உள்ளே வேலை செய்கிறது, திரையே பிரச்சினை என்று கொள்ளலாம். விளக்கு அசையாவிட்டால் கணனி ஆரம்பச் சோதனையிலேயே நின்றுவிட்டது.

தொடக்கும்போது 'பீப்' என்ற ஒலி கேட்கிறதா என்றும் கவனியுங்கள். பயோஸ் பேசும் மொழி அது. எத்தனை ஒலி, நீண்டதா குறுகியதா என்பதைக் கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் கணனியைத் தயாரித்தவருக்கேற்ப மாறும். ஆயினும் திருத்துநருக்கு அக்குறிப்பு பாதி வேலையைக் குறைக்கும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் எமக்கு இவ்விடத்தில் முக்கியமான எதிரி உப்புக்காற்று. பாசிக்குடாவில் ஒரு கதவுப் பிணைச்சல் எவ்வளவு விரைவில் கறள் பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கணனியின் உட்புறத்திலும் அதுவே நடக்கிறது. றாம் எனப்படும் சிறு பலகையின் விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்கள் மங்கி, மின்சாரம் தடைப்படுகிறது. இதற்குச் செய்ய வேண்டியது இலகுவானது.

மின்வயரைக் கழற்றுங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைத் திருப்புளியால் திறவுங்கள். எதையும் தொடுமுன் பெட்டியின் நிறம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை கையால் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின் அதனால் வெளியேறிவிடும். றாம் பலகையின் இரு பக்கத்துக் கொளுவிகளையும் விலக்கிப் பலகையை மேலே எடுங்கள். பாடசாலைப் பிள்ளை பாவிக்கும் மென்மையான அழிறப்பரால் அப்பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எமது நிலையத்திற்கு இருள் திரையோடு வந்த கணனிகள் சில, இவ்வேலைக்கு மேல் எதுவும் கேட்காமல் திரும்பிச் சென்றிருக்கின்றன.

பெட்டி திறந்திருக்கும்போது தூசியையும் நீக்கிவிடுங்கள். எறும்புக் கூடும் பல்லி முட்டையும் அங்கு புதியன அல்ல. ஈரத் துணி வேண்டாம், உலர்ந்த தூரிகையே போதும். விசிறியின் இதழ்களை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

தாய்ப்பலகையில் சிறு தகரப்பேணிகள்போல நிற்கும் கொள்ளளவிகளின் தலைகளையும் நோக்குங்கள். அவை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், அல்லது மண்ணிறக் கசிவு தெரிந்தால், பலகை நோயுற்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் தயாரிக்கப்பட்ட தரங்குறைந்த கொள்ளளவிகளால் உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் இவ்வாறு பழுதாயின. இது திருத்துநரின் வேலை. நாம் இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திரையில் எழுத்து வருகிறது, பின் நின்றுவிடுகிறது

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கில வசனம் ஒன்று வந்து நின்றால், கணனி தனது குறையைத் தானே சொல்கிறது. கையடக்கத் தொலைபேசியால் அதைப் படமெடுத்து வையுங்கள்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்பது போன்ற வசனம் வந்தால், விண்டோஸ் இருக்கும் தட்டைக் கணனி கண்டுபிடிக்கவில்லை என்பது பொருள். முதலில் கணனியில் எவராவது பென்டிரைவ் ஒன்றைச் செருகி மறந்துவிட்டார்களா என்று பாருங்கள். சில கணனிகள் அதிலிருந்து தொடங்க முயன்று தோற்றுப்போகும். அதைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடும். அவ்வாறில்லையெனில், மின்வயரைக் கழற்றிவிட்டு வன்தட்டுக்குச் செல்லும் இரு வயர்களையும் ஒருமுறை கழற்றி மீண்டும் செருகிப் பாருங்கள்.

திகதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், அல்லது 'எப் 1' விசையை அழுத்துமாறு ஒவ்வொரு நாளும் கேட்டால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம்போன்ற சிறு பற்றறி தீர்ந்துவிட்டது. அதன் பெயர் சீஆர் 2032. மணிக்கூட்டுக் கடைகளில் கிடைக்கும் 3 வோல்ற் பற்றறிதான். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்து, திகதியைத் திருத்துங்கள். இச்சிறு பற்றறி தீர்ந்ததற்காகக் கணனியே பழுது என்று எண்ணி மூலையில் வைத்துவிட வேண்டாம்.

வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒழுங்காக ஒலி வந்தால் உடனே நிறுத்துங்கள். தட்டின் உள்ளுறுப்பு பழுதாகிக்கொண்டிருக்கிறது. இன்னுமொரு தடவை பார்ப்போம் என்று தொடக்கும் ஒவ்வொரு முறையும் பதிவுகளை மீட்கும் வாய்ப்பு குறையலாம்.

விண்டோஸ் தொடங்கி இடையில் நின்றால்

இத்தகைய நிலையில் மின்சார உறுப்புகள் பெரும்பாலும் நலமே, குறை செயற்றிட்டத்தில் உள்ளது. விண்டோஸ் சில தடவை தொடங்கத் தவறினால் திருத்தும் திரையைத் தானாகவே கொண்டுவரும். அதை இடையில் நிறுத்தாமல் விடுங்கள். அத்திரையினூடாகப் 'பாதுகாப்பு முறை' என்னும் சேவ் மோட்டுக்குச் செல்லலாம். அம்முறையில் கணனி அத்தியாவசியமானவற்றை மட்டும் எழுப்பும். பதிவுகளைப் பிரதி எடுக்க அது போதும்.

இதன் பெறுமதியை உலகம் 2024 யூலை 19 அன்று கண்டது. கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. ஆனால் தட்டுகள் அழியவில்லை. பாதுகாப்பு முறையில் தொடக்கி அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணனிகள் எழுந்தன. பெரிய நிறுவனத்தின் கணனிக்கும் எமது சங்கக் கணனிக்கும் பாடம் ஒன்றுதான். எழும்பாத கணனியின் உள்ளே பதிவுகள் அப்படியே இருக்கக்கூடும்.

'போமற்' என்னும் சொல்லுக்கு முன்

நாம் அறிந்த ஒரு கமக்காரர் அமைப்பின் கணனி தொடங்கவில்லை. அதைத் திருத்தக் கொண்டு சென்றார்கள். இரண்டு நாளில் புதிதுபோலத் திரும்பி வந்தது. உள்ளே எதுவும் இருக்கவில்லை. தட்டை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக இட்டிருந்தார்கள். திருத்தியவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கணனியை ஓடவைக்குமாறு கேட்டார்கள், அவர் ஓடவைத்தார். உள்ளே பல போகங்களின் பசளைப் பதிவும் காணி விண்ணப்பப் பட்டியலும் இருப்பதை எவரும் அவரிடம் சொல்லவில்லை. மறுபடியும் வீடு வீடாகச் சென்று எழுத வேண்டியதாயிற்று. ஏற்கெனவே ஒருமுறை எல்லாக் கடதாசியையும் இழந்த மூதாட்டி ஒருவர், "திரும்பவும் எழுதுறதோ மகன்?" என்று கேட்டாராம்.

எனவே, திருத்தக் கொடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, 'போமற் செய்ய வேண்டாம், பதிவுகளை முதலில் எடுத்துத் தாருங்கள்' என்று எழுதிக் கணனியின்மேல் ஒட்டுங்கள். வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணனியில் பூட்டிப் பதிவுகளை எடுப்பது அநேக திருத்துநர்கள் அறிந்த வேலை.

இரண்டாவது, எப்போது நின்றது, என்ன ஒலி கேட்டது, திரையில் என்ன எழுத்து வந்தது, நீங்கள் எவற்றைச் செய்து பார்த்தீர்கள் என்பவற்றை எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, சங்கத்தவர் ஒருவர் பொறுப்பேற்றுப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளட்டும். தட்டை மாற்றினால் பழைய தட்டைத் திருப்பி வாங்குங்கள். அதில் குடும்பங்களின் பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் பிறர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை இப்பகுதி மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வருமுன் காத்தல்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னல் காலத்தில், வேலை முடிந்ததும் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்வயரையும் தொலைபேசி வயரையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்தடை ஏற்பட்டாலும் அவ்வாறே செய்யுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதையும் கண்டோம். மின்சாரம் திரும்பி வரும் முதல் நிமிடங்களில் அதன் அளவு ஏறி இறங்கும். பத்து நிமிடம் பொறுத்துத் தொடக்குங்கள்.

வெள்ளம் வரக்கூடிய கட்டிடத்தில் கணனியை நிலத்தில் வைக்க வேண்டாம். ஓடும்போது துணியால் மூட வேண்டாம், நிறுத்திச் சூடு தணிந்த பின் மூடுங்கள். பாவனையின்றி மாதக்கணக்கில் கிடக்கும் கணனியை ஈரம் பிடிக்கும். கிழமைக்கு ஒருமுறையாவது ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் பொதுவாக முடிவடைந்துவிட்டது. பழைய கணனிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. அதற்காக அவற்றை வீச வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அவற்றில் இட்டுக் கணக்கு வேலைகளைத் தொடரலாம். ஆனால் அதற்கு முன்னரும் பதிவுகளைப் பிரதி எடுக்க வேண்டும்.

பிரதிகள் மூன்றாக இருக்கட்டும். ஒன்று கணனியில். இரண்டாவது ஒரு பென்டிரைவில் அல்லது வெளித்தட்டில், அதுவும் சங்கக் கட்டிடத்தில் அல்லாமல் பொறுப்பான வேறொருவரின் வீட்டில். மூன்றாவது அச்சிட்ட கடதாசியில், பொலித்தீன் உறையில் இட்டு. கடவுச்சொல்லை இருவராவது அறிந்திருக்க வேண்டும். செயலாளராக இருந்த பிள்ளை திருமணமாகி வேறூர் சென்றதும் கணனி பூட்டியபடி கிடந்த சங்கங்களும் உண்டு.

மக்கள் ஓடும்போது கணனியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஒரு விரலளவு பென்டிரைவை இடுப்பில் முடிந்துகொண்டு போகலாம். உங்கள் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்து, பிரதியை வைத்திருக்கப்போவது யார், எந்தத் திகதியில் அதைப் புதுப்பிப்பது என்று தீர்மானித்துக் கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன் ஒருமுறை, அறுவடைக்குப் பின் ஒருமுறை என்றாலும் போதும்.